பையில் வந்த பேஷண்ட்

அவர் வாயிலிருந்து உறுதியான ஒரு பேச்சு வந்து நான் கேட்டதில்லை. "காபி சூடா இருக்குங்களா சார்?" என்று கேட்டால் ஒரு வாய் குடித்து, யோசித்து, இன்னொரு வாய் குடித்து, "இப்போதைக்குச் சூடாத்தாங்க இருக்குது" என்பார். "அப்பா எப்படி இருக்காரு?" என்றால், "இப்போதைக்குப் பரவாயில்லீங்க." எங்கள் ரிசப்ஷன் கவிதா ஒருநாள் விளையாட்டாக, "சார், உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டுவிட்டாள். அதற்கும், "இப்போதைக்கு ஆகலீங்க" என்றார். அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து வயதுக்குக் குறையாது. கவிதா மேஜைக்கு அடியில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. தர்மபுரியில் ஒரு ஸ்கேன் சென்டரில் நான் எக்ஸ்ரே டெக்னீஷியன். எலும்பு உடைந்திருந்தால் படத்தில் தெரியும், உடையாவிட்டால் தெரியாது. ரிப்போர்ட் எழுதுவது டாக்டர் என்றாலும், படம் திரையில் வந்த அரை நொடியில் எனக்கே விஷயம் புரிந்துவிடும். தினமும் மாரண்டஹள்ளியில் பஸ் ஏறி, பாலக்கோட்டில் ஏறும் தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் ஒற்றைக் காலில் நின்று வந்து சேருகிறவளுக்கு, ஒரு பதிலுக்காக ஐந்து நிமிடம் காத்திருக்கப் பொறுமை எங்கிருந்து வரும்? இந்த மனிதரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அப்போதும் எனக்குத் தெரியவில்லை. இன்று உட்கார்ந்து எழுதும்போதும் தெரியவில்லை.

முதல் தடவை அவர் வந்தது கொரோனா அடங்கிய மறு வருடம். தோளில் ஒரு துணிப்பை. முழுக்கைச் சட்டை, கழுத்துப் பட்டன் வரை போட்டிருந்தார். கவிதாவிடம் நேராகப் போய், "மேமோகிராம் மிஷின் இருக்குங்களா?" என்று கேட்டிருக்கிறார். பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை செய்யும் மிஷின் அது. ஆண்கள் வந்து கேட்டால் மனைவிக்கோ அம்மாவுக்கோ இருக்கும்.

"இருக்குங்க. பேஷண்ட் வந்திருக்காங்களா?"

"வந்திருக்குங்க."

"எங்கீங்க?"

"பைக்குள்ள இருக்குங்க."

கவிதா எழுந்து என் அறைக்கு ஓடி வந்தாள். "அக்கா, ஒரு மாதிரியான ஆளு வந்திருக்காரு. பையத் தொறக்கப் போறாராம். நீங்க வந்துருங்க."

நான் போய்ப் பார்த்தேன். பைக்குள் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் இரண்டு உறை. உறைக்குள் ஸ்பிரிட்டில் நனைத்த பேண்டேஜ் துணி. அதைப் பச்சைக் குழந்தையின் துணியை விலக்குவது போல ஒவ்வொரு சுற்றாக விலக்கினார். உள்ளே ஒரு சாண் நீளத்தில் ஒரு மீன். மீன் என்று அவர் சொன்னதால் நம்பினேன். தலை பெரிதாக, உடம்பு கொழகொழவென்று, வால் நூலாக இழுத்துவிட்ட மாதிரி இருந்தது. செதில் கிடையாது. தோல் உரித்த நுங்கு போல வெள்ளையாக, உள்ளே இருப்பது வெளியே தெரிந்துவிடும் என்கிற மாதிரி ஒரு உடம்பு.

அவர் சொன்னதிலிருந்து எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். கடலோர ஊர் ஒன்றில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. சொந்த ஊர் காரிமங்கலத்துக்குப் பக்கத்தில். அப்பா வரப்பில் வழுக்கி விழுந்து படுத்துவிட்டதால் நீண்ட லீவில் வந்திருக்கிறார். சில வருடங்களுக்கு முன் தென் துருவத்துக்குப் போன ஒரு கப்பலில் இரண்டு மாதம் இருந்திருக்கிறார். பனிக்கட்டி மிதக்கும் கடலுக்கு அடியில், இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் போட்ட வலையில் இந்த மீன் வந்திருக்கிறது. இதற்கு இன்னும் பேர் இல்லை. உலகத்தில் யாரும் பேர் வைக்காத மீனா, இல்லை ஏற்கெனவே பேர் வைத்த மீன்தானா என்பதை முடிவு செய்ய முதுகெலும்பை எண்ண வேண்டும். அவர் நிலையத்தில் இருந்த எக்ஸ்ரே மிஷின் ரிப்பேர். அதனால் முத்திரை போட்ட அனுமதிக் கடிதத்தோடு மீனையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார்.

"ரெண்டு கிலோமீட்டர்னா எவ்ளோ ஆழம் சார்?" என்று கவிதா கேட்டாள்.

"இங்கிருந்து கலெக்டர் ஆபீஸ் போற ரோட்டை நேரா கீழ நட்டு வெச்ச மாதிரி நெனச்சிக்கங்க" என்றவர், உடனே, "சுமாரா சொல்றேன், அளந்து பாத்ததில்லீங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

சாதாரண எக்ஸ்ரே வேலைக்கு ஆகாதாம். இந்த மீனின் எலும்பு முடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். நம் தொடை எலும்புக்குப் போடுகிற சக்தியைப் போட்டால் ஒன்றுமே பதியாது. மேமோகிராம் மிஷினின் கதிர் மென்மையானது, அதில்தான் முள் விழும். எனக்கு அது தெரிந்த விஷயம்தான். ஆனால் நான் அதை ஒரு மீனோடு சேர்த்து யோசித்ததில்லை. எங்கள் டாக்டர் ரேடியாலஜி படித்தவர், புதுமையான விஷயம் என்றால் கண் விரிப்பவர். "மதியம் பேஷண்ட் இல்லாத நேரத்துல எடுத்துக் குடும்மா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

அங்கேதான் நான் முதல் தப்பு செய்தேன். மேமோகிராமில் ஒரு பழக்கம் உண்டு. மார்பகத்தைத் தட்டில் வைத்ததும் கால் தானாகப் பெடலுக்குப் போகும். மேலிருந்து ஒரு பிளாஸ்டிக் தட்டு இறங்கி அழுத்தும். அழுத்தினால்தான் படம் தெளிவு. ஒரு நாளைக்கு எத்தனை தடவை மிதித்த கால். மீனைத் தட்டில் படுக்க வைத்தேன், பெடலில் காலை வைத்துவிட்டேன்.

"ஐயோ!"

அவர் உறுதியாகப் பேசியது அன்று அந்த ஒரு வார்த்தைதான். நான் காலை எடுப்பதற்குள் தட்டு மீனின் முதுகைத் தொட்டுவிட்டது. தூக்கியபோது இடது பக்கத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்குத் தோல் தட்டோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

உலகத்தில் ஒரே ஒரு மீன். அதை நான் நசுக்கிவிட்டேன். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு லென்ஸை எடுத்துக் கண்ணுக்கு வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இப்போதைக்கு ஒண்ணும் ஆகலீங்க" என்றார். பிறகு ஒரு நோட்டை எடுத்து எழுதினார். என்ன எழுதுகிறார் என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"எக்ஸ்ரே எடுக்கும்போது இடது பக்கம் தோல் போச்சுன்னு எழுதறேங்க. எழுதாம வுட்டா, பின்னால பாக்கறவங்க இது இந்த மீனோட அடையாளம்னு நெனச்சிக்குவாங்க."

என் பேரைக் குறிப்பிடவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

படம் திரையில் வந்தது. கருப்பில் ஒரு வெள்ளை மணிச்சரம். அவர் ஒரு துண்டுத் தாளை என்னிடம் கொடுத்து, "நீங்க தனியா எண்ணுங்க. நான் தனியா எண்றேன். ஒருத்தர் எண்ணிக்கைய ஒருத்தர் கேக்கக் கூடாது" என்றார். தலையிலிருந்து வால் வரை ஒரு தடவை, வாலிலிருந்து தலை வரை ஒரு தடவை. கண் வலித்தது. தாள்களைப் பிரித்துப் பார்த்தோம். எனக்கு அறுபத்து மூன்று, அவருக்கு அறுபத்து நான்கு. வால் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் கடைசி எலும்பையும் சேர்க்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். மறுபடி எண்ணினேன், அறுபத்து நான்கு.

இதற்கு ரொம்ப நெருங்கிய மீன் ஒன்றுக்குப் பல வருடங்களுக்கு முன்பே பேர் வைத்துவிட்டார்களாம். அதற்கு அறுபத்து இரண்டு. பல்லின் வடிவம், தலையில் இருக்கும் ஊசித் துளைகளின் எண்ணிக்கை என்று வேறு வித்தியாசங்களும் இருந்தன. ஆனால் பல் ஆணுக்கு ஒரு மாதிரி, பெண்ணுக்கு ஒரு மாதிரி இருக்கக்கூடும். துளைகள் வலையில் கிழிந்தும் போகக்கூடும். முதுகெலும்புதான் கையில் இருந்த பலமான சாட்சி.

"நெறம் வெச்சு சொல்ல முடியாதா சார்?"

"வலைய வுட்டு எடுத்தப்ப ரோஸ் கலர்ல இருந்துச்சுங்க. அப்படி ஒரு ரோஸ். கேமரா கொண்டு வர்றதுக்குள்ள வெளுத்துருச்சு. அதனால நெறத்தைப் பத்தி எழுத மாட்டேன்."

"நீங்கதான் கண்ணால பாத்தீங்களே?"

"என் ஞாபகத்த எப்படீங்க ஆதாரமா வெக்கறது?"

இப்படி ஒரு ஆளை வைத்துக்கொண்டு என்ன பேசுவது? கண்ணால் பார்த்ததை நம்பாதவர், என்னை மாதிரி நேற்று வந்தவளின் எண்ணிக்கையைத் தாளில் எழுதி வாங்குகிறார்.

அவருடைய அப்பாவைப் பார்த்த பிறகு குழப்பம் இன்னும் கூடியது. எண்பது தாண்டிய மனிதர். கேழ்வரகும் துவரையும் போடும் மானாவாரிக் காட்டுக்காரர். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். இடுப்பு வலி குறையவில்லை என்று மகன் ஒரு வாடகைக் காரில் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே என்னைக் கூப்பிட்டார்.

"கண்ணு, மீனுக்குப் போட்டா புடிச்ச புள்ள நீதானா?"

"ஆமாங்க தாத்தா."

"ஒகேனக்கலுக்கு அந்தாண்ட நான் தண்ணி பாத்ததில்ல. சமுத்திரத்துல என் பேர்ல ஒரு மீனு வரப்போவுது. தெரியுமா உனக்கு?"

எனக்கு அப்போதுதான் தெரியும். புது மீன் என்று முடிவானால் அதற்குக் கண்டுபிடித்தவர் பேர் வைக்கலாம். தன் பேரைத் தானே வைத்துக்கொள்ளும் வழக்கம் கிடையாதாம், வேறு யார் பேரையும் வைக்கலாம். இவர் அப்பாவின் பேரைத் தேர்ந்தெடுத்திருந்தார். பேருக்குப் பின்னால் ஒரு எழுத்து சேர்த்து லத்தீன் மாதிரி ஆக்குவார்களாம். "என் பேருக்கு வாலு மொளைச்சிருக்குது கண்ணு" என்று பெரியவர் சிரித்தார்.

"அப்பா, இப்போதைக்கு இன்னும் ஒண்ணும்…"

"நீ சும்மா இர்றா. நீ இப்போதைக்கு இப்போதைக்குன்னு இழுத்து முடிக்கறதுக்குள்ள நான் போய்ச் சேந்துருவேன்." என் பக்கம் திரும்பினார். "இவன சந்தையில நாட்டுக்கோழி வாங்கியாரச் சொன்னேன் கண்ணு. கோழியோட கால் வெரல எண்ணிக்கிட்டு அர மணி நேரம் நின்னிருக்கான். வித்தவன் வெறுத்துப்போய் வேற ஆளுக்குக் குடுத்துட்டான். அன்னிக்கு வூட்ல வெறும் ரசம்."

மகன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். காதோரம் சிவந்திருந்தது. அந்த வயதில் ஒரு ஆள் அப்பா முன்னால் அப்படி நிற்பதைப் பார்க்க எனக்கு ஏனோ பிடித்திருந்தது.

அன்று காலை கூட்டம். பெரியவரையும் சேர்த்து இரண்டு கிழவர்களுக்கு அடுத்தடுத்து இடுப்பு எக்ஸ்ரே எடுத்தேன். படங்களை உறையில் போட்டுக் கொடுத்தேன். கால் மணி நேரம் கழித்து மகன் என் அறை வாசலில் வந்து நின்றார். சத்தம் போடாமல் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

"இது எங்கப்பா இல்லீங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உறை மேல பேரு போட்டிருக்குதே சார். மீனுன்னா சந்தேகப்படுங்க. பெத்த அப்பாவையுமா?"

அவர் பையிலிருந்து மஞ்சளேறிய ஒரு பழைய படத்தை எடுத்தார். பதினைந்து வருடத்துக்கு முன் எடுத்தது. "எங்கப்பாவுக்கு இடுப்புல ஆறு எலும்புங்க. இதுல அஞ்சுதான் இருக்குது."

பழைய படத்தில் எண்ணினேன். முதுகெலும்பில், விலாவுக்குக் கீழே ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் ஆறு. இப்படிச் சிலருக்கு இருக்கும். மாதத்தில் ஒருவரையாவது பார்ப்போம். வலியும் கிடையாது, வியாதியும் கிடையாது, பிறவியில் வந்த ஒரு உபரி. நான்தான் இரண்டு பேரின் படத்துக்கும் பேரை மாற்றிப் போட்டிருந்தேன். அந்த இன்னொரு கிழவருக்கு இடுப்பு மூட்டில் விரிசல் இருந்தது. அவர் வெளியே பெஞ்சில், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துகொண்டிருந்தார். ஓடிப்போய் உட்கார வைத்தேன்.

டாக்டருக்குத் தெரிந்திருந்தால் அன்றோடு என் வேலை போயிருக்கும். மகன் யாரிடமும் சொல்லவில்லை. "ரெண்டு பேரும் ஒரே மாதிரிதாங்க படுத்திருந்தாங்க" என்று எனக்கே சமாதானம் சொன்னார். அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அழுதேன். அவரைக் கிண்டல் செய்வதில்லை என்று கவிதாவிடமும் சொல்லிவிட்டேன். அது ஒரு வாரம் நிலைத்தது.

மீனைப் பற்றிக் கட்டுரை எழுதி ஒரு வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பினார். திருப்பி அனுப்பாமல், சில திருத்தங்களோடு ஒப்புக்கொண்டார்கள். வால் பகுதியின் படம் இன்னும் தெளிவாக வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. அதைக் கொடுத்துவிட்டால் பேர் நிலைத்துவிடும். பெரியவர் அதற்குள் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டிருந்தார். வாடகைக் கார் டிரைவர்கூட, "தாத்தா மீனு எப்பங்க வருது?" என்று என்னிடம் கேட்டான்.

அது ஒரு சனிக்கிழமை மதியம். அரை நாள்தான் வேலை. இரண்டு மணி பஸ்ஸை விட்டால் நான் மூன்றரை வரை பஸ் ஸ்டாண்டில் நிற்க வேண்டும். அவர் மீனோடு வந்தார். எடுத்தேன். நன்றாக விழுந்தது. "இன்னொண்ணு எடுக்கலாங்களா?" எடுத்தேன். "கொஞ்சம் சாய்ச்சு?" எடுத்தேன். பிறகு துண்டுத் தாளை நீட்டினார், எண்ணச் சொல்லி.

"எத்தன தடவை சார் எண்றது? அறுபத்து நாலுதான்!"

"இப்போதைக்கு அறுபத்து நாலுதாங்க. இருந்தாலும்…"

எனக்கு அந்த 'இருந்தாலும்' தாங்கவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, அவரைச் சீண்ட வேண்டும் என்றுதான் சொன்னேன். "சார், உங்கப்பாவுக்கு இடுப்புல ஒரு எலும்பு கூட. அதுக்காக அவரு வேற இனமா ஆயிட்டாரா? மனுசன்தானே? உங்க மீனுக்கு ரெண்டு முள்ளு கூட இருந்துட்டா மட்டும் அது எப்படி வேற மீனாவும்?"

சொல்லிவிட்டுச் சிரித்தேன். அவர் சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் பென்சிலைக் கீழே வைத்தார். திரையைப் பார்த்தார். நான் விளக்கை அணைக்கலாமா என்று கேட்டதும் காதில் விழவில்லை.

"ஒரே ஒரு மீனு" என்றார். டப்பாவைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, "ஆமாங்க. கையில ஒண்ணுதான் இருக்குது" என்றார்.

மீனைத் துணியில் சுற்றிச் சுற்றி வைத்தார். டப்பாவை மூடினார். எனக்கு இரண்டு மணி பஸ் கிடைத்தது. ஜன்னலோர சீட்டும் கிடைத்தது. ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று மட்டும் தெரிந்தது, என்ன தப்பு என்று தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் கவிதாதான் சொன்னாள். அப்பாவின் மாத்திரைச் சீட்டுக்காக வந்தவர், கட்டுரையைத் திருப்பி வாங்கிக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். நான் நேரே போய்க் கேட்டேன். "நான் சொன்னதாலயா சார்? நான் எட்டாங்கிளாஸ்ல மீனப் பத்திப் படிச்சவ. முப்பது வருசமா எண்ற உங்களுக்கு இது தெரியாதா?"

"தெரியாம இல்லீங்க. தெரிஞ்சதைத் தள்ளி வெச்சிருந்தேன்."

"எதுக்கு?"

"அப்பா பேருக்காக" என்றார். "இன்னும் நாலஞ்சு மீனு கெடைச்சு, அதுக்கெல்லாமும் அறுபத்து நாலு இருந்தா எழுதலாம். ஒண்ண வெச்சு எழுதினா அது என் ஆசைய எழுதின மாதிரிங்க."

நாலைந்து மீனுக்கு இவர் எங்கே போவார்? மறுபடி கப்பல், மறுபடி பனி, மறுபடி அதே ஆழம். ரிட்டயர் ஆக மூன்று வருடம்தான் இருந்தது. ஆளைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது. இவர் நேர்மையானவரா, பிழைக்கத் தெரியாதவரா, இல்லை எந்தக் காரியத்தையும் முடிக்கப் பயப்படுகிறவரா? மூன்றும்தான் என்று ஒரு நாள் தோன்றும், ஒன்றும் இல்லை என்று மறுநாள் தோன்றும்.

அந்தக் குளிர்காலத்தில் பெரியவருக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. வீல்சேரில் கொண்டுவந்தார்கள். மகன் மருந்துக் கடைக்குப் போயிருந்தார். எக்ஸ்ரே அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

"மீனு வரலியாம் கண்ணு" என்றார். பழைய சத்தம் குரலில் இல்லை.

"என்னாலதான் தாத்தா. உங்க முதுகெலும்பப் பத்தி நான்தான் வாய வெச்சுட்டேன்."

"சொன்னான் சொன்னான். எம் முதுகெலும்பே எனக்கு எதிரா சாட்சி சொல்லிருச்சுன்னு சிரிச்சேன்." இருமினார். நான் முதுகைத் தடவிவிட்டேன். "ஆசையாத்தான் இருந்துச்சு கண்ணு. காட்டு வேலையத் தவிர வேற என்ன இருக்குது என் பேருல? ஊருல அத்தன பேருகிட்டயும் சொல்லிப்புட்டேன். இப்ப வெளிய போறதுக்கே வெக்கமா இருக்குது. கோயிலுக்குக்கூடப் போவல. அவங்கிட்ட சொல்லிராத. அவன் அதுக்கும் நாலு நாளு யோசிப்பான்."

நெஞ்சைத் தட்டில் ஒட்டி நிற்க வைத்தேன். "மூச்ச இழுத்துப் புடிங்க தாத்தா" என்றேன். பிடித்தார். படம் எடுத்த பிறகு "விடுங்க" என்றேன். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது. பொங்கல் முடிந்த வாரம் இறந்துவிட்டார் என்று டிரைவர் வந்து சொன்னான்.

மகன் வேலைக்குத் திரும்பிப் போய்விட்டார். ஒரு வருடத்துக்கு மேல் ஆயிருக்கும். ஒரு மதியம் அதே கழுத்துப் பட்டனோடு வந்து நின்றார். பையில் மீன் இல்லை, அச்செடுத்த சில தாள்கள் இருந்தன. வெளிநாட்டுக் குழு ஒன்றின் கட்டுரை. அவர்களுடைய கப்பலுக்கு அதே கடலில் ஆறு மீன்கள் கிடைத்திருக்கின்றன. விஷயம் தெரிந்ததும் இவர் தன் மீனையும், என் படங்களையும், எண்ணிக்கையையும் அனுப்பிக் கொடுத்திருக்கிறார். ஏழு மீன். ஏழுக்கும் அறுபத்து நான்கு. புது மீன்தான். பேரை அந்தக் கடலின் பேரிலிருந்து வைத்திருந்தார்கள்.

"அப்ப நீங்க மொதல்லயே சொன்னது சரிதானே சார்!"

"சரியா இருந்துச்சுங்க. ஆனா அப்ப அது சரின்னு எனக்குத் தெரியாது."

இதை எப்படி எடுத்துக்கொள்வது? அவர் முகத்தில் சந்தோஷமும் இருந்தது. சத்தியமாக இருந்தது. மூன்றாம் பக்கத்தில் என் எக்ஸ்ரே அச்சாகியிருந்தது, நான் வாலைச் சாய்த்து எடுத்த படம். கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் பட்டியலில் என் பேரும் தர்மபுரியும் இருந்தன. அவர் பேரைத் தேடினேன், இல்லை. கேட்டதற்கு, "நான் மீனக் குடுத்தேன். கேள்வி நீங்க கேட்டது" என்றார். என்னைப் பெருமைப்படுத்துகிறாரா, பழியில் பங்கு கொடுக்கிறாரா? எனக்குக் கோபம் கோபமாக வந்தது. தாளைத் திருப்பிக் கொடுக்கவும் மனசு வரவில்லை.

கிளம்புகிறவர் வாசலில் நின்றார்.

"ஒண்ணு கேக்கணுங்க. கடைசியா படம் எடுத்தப்ப அப்பாவும் நீங்களும்தான் உள்ள இருந்தீங்க. மீனு பேரப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா? வருத்தப்பட்டாரா?" பையின் பிடியை முறுக்கிக்கொண்டே பேசினார். "எங்கிட்ட சிரிச்சாரு. நான் அவரக் கேக்கவே இல்லீங்க. எல்லாத்தையும் ரெண்டு தடவை பாக்கறவன், அத ஒரு தடவைகூடக் கேக்கல."

கவிதா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

"இல்லீங்க சார்" என்றேன். "அவரு வருத்தப்படவே இல்ல. மீனு அங்கியேதானே இருக்கப் போவுது, பேருல என்ன இருக்குதுன்னு சிரிச்சாரு."

சொன்னது பொய். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நிச்சயமாங்களா, இன்னொரு தடவை சொல்லுங்க என்பார் என்று காத்திருந்தேன். தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார். நம்பினாரா, புரிந்துகொண்டு என்னை விட்டுவிட்டாரா என்று யோசித்து யோசித்து அலுத்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் வரவில்லை. அன்று இன்னொரு தடவை கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன்.